ஒரு மணற்குழியும் நாற்பத்திரண்டு மண்வெட்டிகளும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

சென்ற செவ்வாய்க்கிழமை வடலூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், புறப்படவிருந்த பேருந்தின் சன்னல் வழியாக என்னைக் கண்டுவிட்டார். கையை வெளியே நீட்டி, நிலையம் முழுவதும் கேட்கும்படி வினவினார்:

"இன்னாங்க... ஒங்க சங்கத்துல மீன் வளக்கறீங்களாமே! கெண்டையா, கெளுத்தியா?"

நான் வாய் திறப்பதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் என்னை ஆவலோடு பார்த்தார்கள். கூடை வைத்திருந்த ஓர் அம்மையார், "வூட்டாண்ட வந்தா குடுப்பீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

வாசகர்களே, நாங்கள் மீன் வளர்க்கவில்லை. கிணறும் வெட்டவில்லை. 'நெய்வேலியில் புதிய சுரங்கம் திறப்பு' என்ற வாசகத்துடன் வாட்ஸ்அப்பில் உங்களில் பலருக்கு வந்து சேர்ந்த படம் எங்களுடையதுதான் — ஆனால் அது சுரங்கமன்று. நீளம் தாண்டும் ஒரு மாணவி பயிற்சி செய்வதற்காக எங்கள் சேவைச் சங்கம் அமைக்க முற்பட்ட மணற்குழி அது. ஓரடி ஆழம் இருக்க வேண்டிய குழி.

அது எப்படி நாலடி ஆயிற்று? அதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. ஏனெனில் அத்திட்டத்தின் தலைவன் நானே.

எங்கள் சங்கத்தைப் பற்றி முதலில் சில சொற்கள். உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேர். சுரங்கத்தில் அதிகாரியாக இருப்பவரும் உண்டு. கன்வேயர் பெல்ட்டில் எண்ணெய் விட்டே முப்பது ஆண்டுகளைக் கழித்த என்னைப் போன்றவர்களும் உண்டு. மாதம் இரு சனிக்கிழமைகள் கூடுவோம். கூட்டம் முடிந்ததும் ஒரே பந்தியில் உண்போம். பணியிடத்தில் 'சார்' என்று எழுந்து நிற்க வேண்டியவரிடம், "அந்தச் சட்னியை இப்படித் தள்ளுங்க" என்று சொல்லக்கூடிய இடம் இந்நகரில் அது ஒன்றுதான். தோழமை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

சேவைச் சங்கம் என்றால் பொன்னாடையும் புகைப்படமும்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஓரளவு உண்மைதான்... மறுக்கவில்லை. எனினும் மாலை நேர வகுப்பு, கோடைக்கால விளையாட்டுப் பயிற்சி என்று சுற்று வட்டாரப் பிள்ளைகளுக்கு எங்களால் இயன்றதைச் செய்துதான் வருகிறோம். அந்த நம்பிக்கையில்தான் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்துக்கு உடற்கல்வி ஆசிரியை வசந்தா வந்தார். அவரோடு பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்திருந்தாள். பெயர் செல்வராணி. ஊர் முத்தாண்டிக்குப்பம். தந்தை சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. தாய் அஞ்சலை, முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை செய்பவர்.

ஆசிரியை சுருக்கமாகப் பேசினார். பள்ளியில் தாண்டுவதற்கு மணல் இல்லை. கடப்பாரையால் கட்டாந்தரையைக் கொத்தி, அதில்தான் இவள் தாண்டுகிறாள். சென்ற ஆண்டு கணுக்கால் பிசகி, இரண்டு மாதம் நொண்டினாள். மூன்று வாரத்தில் குறுவட்டப் போட்டி. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

"ஏம்மா, வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று நான் அவளைக் கேட்டேன்.

"அம்மா கையெழுத்து போட மாட்டேன்னுட்டாங்க ஐயா. கட்டாந்தரையில வுழுந்து ஒடச்சிகினு வந்தா யாரு பாக்கறதுன்னு கேக்கறாங்க. மணல்ல தாண்டிப் பழகு, நான் வந்து மணலைப் பாக்கறேன், அப்புறம் போடறேன்னாங்க."

"மணலை வந்து பார்ப்பார்களா?"

"பாக்காம வுட மாட்டாங்க ஐயா."

ஒன்பது மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஓரடி ஆழம். அவ்வளவுதான் தேவை. எங்கள் கூடத்தின் பின்புறம் இளைஞர் விளையாட்டுக்கென ஒதுக்கிய காலியிடம் இருந்தது. முறைப்படி அனுமதியும் ஏற்கெனவே இருந்தது. பள்ளிக்கும் அந்த இடத்துக்கும் ஐந்து நிமிட நடைதான். சுரங்க அதிகாரியான எங்கள் சங்கத் தலைவர் சம்பந்தம் எழுந்து, "ஆள் வைத்து வெட்டக் கூடாது. நம் கையால் வெட்டுவோம்" என்று அறிவித்தார். கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று.

இங்கேதான், ஐயா, என் பிழை தொடங்குகிறது.

எல்லாருக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று நான் கருதினேன். பங்கு இல்லாத தோழமை தோழமையா? ஆகவே உட்கார்ந்து ஒரு பட்டியல் தயாரித்தேன். இரண்டாம் ஷிப்ட்காரர்கள் வேலைக்குப் போகுமுன் காலையில் வருவார்கள். முதல் ஷிப்ட் முடித்தவர்கள் பிற்பகல் வருவார்கள். இரவு ஷிப்ட்காரர்கள் உறங்கி எழுந்து மாலையில் வருவார்கள். ஓய்வு பெற்றவர்களை மூன்று குழுவிலும் சமமாகப் பிரித்தேன். குழுவுக்குப் பதினான்கு பேர். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்கள். பார்த்தவர்கள் எல்லாரும் பட்டியலைப் பாராட்டினார்கள். எனக்கும் அதன் நேர்த்தியில் பெருமைதான்.

திங்கட்கிழமை காலைக் குழு வந்தது. மண் வெட்டுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதா? பத்து மணிக்குள் ஓரடியும் முடிந்துவிட்டது. மொத்த வேலையும்!

பிற்பகல் மூன்று மணிக்கு அடுத்த பதினான்கு பேர் தோளில் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். சிலரின் மனைவியர் மோர்ப் பானையுடன் வந்திருந்தனர். அவர்களிடம் போய், வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

ராட்சத வெட்டு இயந்திரத்தை ஓட்டும் பாண்டியன் அந்தக் குழுவில் இருந்தார். திருநெல்வேலிக்காரர். குழியில் இறங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடித்தளத்தை நோக்கினார்.

"அண்ணாச்சி, தரை ஏத்த இறக்கமால்லா இருக்கு! காலையில வந்தவுக கண்ணை மூடிக்கிட்டு வெட்டுனாகளோ?"

மேடு பள்ளத்தைச் சமன் செய்தார்கள். சமன் செய்வதென்றால் மேட்டைச் செதுக்குவது. மேட்டைச் செதுக்கினால் முன்பு பள்ளமாக இருந்தது மேடாகிவிடும். அதையும் செதுக்கினார்கள். மாலை வந்த குழுவுக்குக் களிமண் தட்டுப்பட்டது. களிமண் இருந்தால் தண்ணீர் தேங்கும் என்றார்கள். அதை முழுவதும் எடுத்தார்கள்.

செவ்வாயன்று பாண்டியன் மறுபடி வந்தார். "இம்புட்டு ஆழத்துக்குச் சரிவு இல்லாம இருந்தா மண்ணு சரிஞ்சிரும், பாத்துக்கிடுங்க" என்றார். சுரங்கத்தில் வெட்டுவது போலப் படி படியாகச் சரிவு அமைத்தார்கள். புதனன்று, பம்ப் பகுதியில் ஓய்வு பெற்ற ஒருவர் நீர் வடிவதற்கென மூலையில் ஒரு பள்ளம் தோண்டினார். பள்ளம் மட்டும் ஆழமாக இருப்பது பார்வைக்கு நன்றாக இல்லை என்று வியாழனன்று வந்தவர்கள் மற்றப் பகுதியையும் அதற்கு இணையாக்கினார்கள்.

சுரங்கம் எங்களுக்குக் கற்பித்தது ஒன்றே. முந்தைய ஷிப்ட் விட்ட இடத்திலிருந்து வெட்டு! முந்தைய ஷிப்ட் வேலையை முடித்துவிட்டது என்ற செய்தியை எங்கள் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வரப்பில் நின்று வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு நாளும் ஒருவர்கூட விடுப்பு எடுக்கவில்லை. சங்க வரலாற்றில் இல்லாத வருகை! அந்த மகிழ்ச்சியில் குழியைக் கவனிக்கவில்லை. வியாழன் மாலை தேநீர்த் தூக்கை வாங்க உள்ளே இறங்கினேன். வெளித் தரை என் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

இன்னொரு செயலையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெட்டிய செம்மண் வீணாகக் கூடாது என்று, உறுப்பினர்கள் அவரவர் குவார்ட்டர்ஸ் தோட்டத்துக்கு எடுத்துச் செல்லலாம் என அறிவித்ததும் நான்தான். மூட்டை கட்டி ஸ்கூட்டரிலும், வாடகை மினி லாரியிலும் அன்றன்றே கொண்டுபோனார்கள். எந்த வேலையிலும் அப்படி ஒரு சுறுசுறுப்பை நான் கண்டதில்லை.

அந்த வாரம் முழுவதும் ஆசிரியை ஒரு பயிற்சிக்காகக் கடலூர் சென்றிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை செல்வராணியை அழைத்துக்கொண்டு ஆவலோடு வந்தார். இருவரும் குழியின் ஓரத்தில் நின்றார்கள். ஆசிரியையின் கை தானாகவே மாணவியின் தோளைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தது.

செல்வராணி வெகுநேரம் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா... இதுல தாண்டணுமா, குதிக்கணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவளே சிரித்தாள். அது இன்னும் வேதனையாக இருந்தது. "பரவால்லீங்க ஐயா. நல்லாத்தான் வெட்டிகீறீங்க" என்று எங்களுக்கு ஆறுதல் வேறு சொன்னாள்! படிவம் அவள் புத்தகப் பையில் மடிக்கப்பட்டு இருந்தது. இருப்பதோ இரண்டு வாரம்.

அவர்கள் சென்ற அரை மணியில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா? மறுநாள் காலை குழியில் இடுப்பளவு செந்நீர் நின்றது. தவளைகள் குடியேறிவிட்டன. அக்காட்சியை எவரோ படம் எடுத்து வெளியிட்டார்கள். அந்தப் படம்தான் உங்கள் கைப்பேசிக்கு வந்தது.

ஞாயிறன்று அவசரக் கூட்டம். நடந்தது எப்படி என்று தலைவர் கேட்டார். பிற்பகலில் வெட்டிய முதல் ஷிப்ட் நண்பர் எழுந்தார்.

"நாங்க வுட்டுட்டுப் போனப்ப முழங்கால் ஆழந்தாங்க இருந்துச்சி."

"முழங்காலா? உங்களுக்கு அடுத்து சாயங்காலம் வந்தது நாங்கதானே? எங்க இடுப்புக்கு வந்துச்சே!"

"ஒங்க இடுப்பு அவ்ளோ கீழ இருந்தா நாங்க இன்னா பண்றது?"

பாண்டியன் குறுக்கிட்டார். "அப்போ குழி தானா வளந்துட்டுன்னு சொல்லுதியளா? சுரைக்காயா வே அது?"

கூடம் அதிரச் சிரித்தது. நான் எழுந்தேன். "குழி வளரவில்லை. என் பட்டியல்தான் வளர்த்தது. ஐந்து பேருக்குரிய வேலையை நாற்பத்திரண்டு பேருக்குப் பங்கிட்டேன். குற்றம் என்னுடையது" என்றேன்.

தலைவர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "சரிங்க... மீதி முப்பத்தேழு பேரைச் சும்மா இருங்கன்னு சொல்லியிருந்தா, யாராவது ஒத்துக்கிட்டிருப்போமா?"

அந்தக் கேள்வியை இன்றுவரை நான் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உதவி செய்ய வருகிறவர்களுக்கும் ஒரு பசி இருக்கிறது — தாம் உதவினோம் என்று சொல்லிக்கொள்ளும் பசி. அது தீரும் வரை வெட்டுகிறோம். எதிரே இருப்பவருக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதை யார் கேட்கிறோம்?

தத்துவம் இருக்கட்டும். குழியை நிரப்ப வேண்டும். மண் எங்கே? எங்கள் வீட்டுத் தோட்டங்களில்!

அடுத்த மூன்று நாட்கள் நகரவாசிகள் ஒரு விந்தைக் காட்சியைக் கண்டிருப்பார்கள். போன வாரம் ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு எடுத்துப்போன மண், மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. சிலர் மனமில்லாமல் கொண்டுவந்தார்கள். ஒருவர் மூட்டையில் மல்லிகைப் பதியன் இருந்தது. அதை மட்டும் பிடுங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.

தலைவர் வீட்டில்தான் சிக்கல். அவருடைய துணைவியார் கமலா அம்மாள் அந்த மண்ணில் கத்தரி நாற்று நட்டுவிட்டார். நானும் தலைவரும் சாக்கோடு போய் நின்றோம்.

"போன வாரம் கேட்டேனா நான்? நீங்களே கொண்டாந்து கொட்டுனீங்க. தோட்டம் போடு, தோட்டம் போடுன்னீங்க. நாத்து பிடிச்சாச்சு. இப்ப மண்ணு வேணுமாம்!"

"கமலா, ஒரு பொண்ணோட போட்டி..." என்று தலைவர் தொடங்கினார்.

"பொண்ணுக்குன்னா அள்ளிக்குங்க. யாரு வேணாங்கறா? ஆனா நாத்தை நீங்களே ஒண்ணொண்ணா எடுத்து இந்தத் தகர டப்பாவுல வைக்கணும். ஒரு வேரு அறுந்துச்சோ... ராத்திரி கத்தரிக்காய்க் கொழம்பு கிடையாது, சொல்லிட்டேன்."

பல நூறு தொழிலாளர்களுக்கு ஆணையிடும் அதிகாரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முப்பது நாற்றுகளை விரல் நுனியால் எடுத்துத் தகர டப்பாக்களில் வைத்தார். நான் டப்பாக்களைப் பிடித்துக்கொண்டேன்.

நீரை இறைத்தோம். மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, நீர் தெளித்து, இடித்து இறுக்கினோம். மேலே சரியாக ஓரடி மீதம் வைத்தோம். இம்முறை பாண்டியனே ஒரு குச்சியில் ஓரடியைக் குறித்து நட்டு, "இதுக்குக் கீழே எவன் மம்பட்டி இறங்கினாலும் வெட்டிப்புடுவேன்" என்று காவல் நின்றார். வடலூரில் வீடு கட்டி முடித்த உறுப்பினர் ஒருவர், மீந்திருந்த மணலை மூன்று டிராக்டரில் அனுப்பினார். பரப்பினோம். முன்னால் ஓடுபாதை அமைத்து, தாண்டும் பலகையும் பதித்தோம். மாலை வெயிலில் மணல் பொன்னாக மின்னியது. இனி என்ன குறை?

சனிக்கிழமை பிற்பகல் அஞ்சலை அம்மாள் வந்தார். போட்டிக்குச் சரியாக ஒரு வாரம். படிவத்தைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

பாதுகாப்புத் துறை ஆய்வாளர் வரும்போது நிற்பது போல நாங்கள் வரிசையில் நின்றோம். பாண்டியன் ஷூ அணிந்திருந்தார். தலைவர் வழக்கப்படி ஒரு பொன்னாடையை எடுத்து அம்மாளுக்குப் போர்த்தினார்.

"இது எதுக்குங்க? சாக்கு ஒண்ணு இருந்தா குடுங்க" என்றார் அவர்.

சாக்கைக் குழியோரம் விரித்து அதில் அமர்ந்தார். வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டு, கையை முழங்கை வரை மணலுக்குள் விட்டார். முந்திரிக்கொட்டையின் பால் பட்டுக் கறுத்து, நுனி தேய்ந்த விரல்கள். முழுப் பருப்பையும் உடைந்த பருப்பையும் பாராமலே பிரிக்கும் விரல்கள் அவை. கண்கள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. விரல்கள் மட்டும் உள்ளே துழாவின.

கை வெளியே வந்தது. உள்ளங்கையில் அரை விரல் நீளத்துக்கு ஓர் ஆணி.

மீண்டும் விட்டார். வளைந்த கட்டுக்கம்பி. மீண்டும்... ஓட்டுச் சில்லு. மீண்டும்... இன்னோர் ஆணி. ஒவ்வொன்றையும் சாக்கின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். கட்டடம் கட்டிய இடத்து மணல் அல்லவா!



"நாலடி வெட்டனீங்க. மூணடி ரொப்பனீங்க. நல்லாத்தான் ஒழச்சிகீறீங்க" என்றார் அஞ்சலை அம்மாள். குரலில் கோபம் இல்லை. "ஆனா ஒருத்தராவது கையை வுட்டுப் பாத்தீங்களா?"

நாற்பத்திரண்டு பேர். எண்பத்து நான்கு கைகள். ஒன்றுகூட இல்லை.

"அம்மா, இந்த ஓரமா ஒரு தபா தாண்டிக் காட்டறேனே..." என்றாள் செல்வராணி. கெஞ்சும் குரல்.

"சும்மா இரு. போன வருசம் ரெண்டு மாசம் ஒன்னைத் தாங்கிப் பிடிச்சிகினு பஸ்ஸு ஏத்தனது நானு. இவங்க இல்ல."

அவள் தலைகுனிந்தாள். கண்ணீர் மணலில் விழுந்ததை நான் பார்த்தேன். எல்லாம் முடிந்தது என்றே எண்ணினேன். மணலைச் சலித்துவிடுகிறோம் என்று தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எதுல சலிப்பீங்க?"

கட்டட வேலைச் சல்லடையைக் காட்டினோம். அம்மாள் ஓர் ஆணியை எடுத்து அதன் கண்ணில் போட்டார். ஆணி நேராகக் கீழே விழுந்தது.

சற்று நேரம் மகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. எங்க கொட்டாயி லீவு. பருப்பு சலிக்கிற சல்லடை நாலு இருக்கு, மொதலாளிகிட்ட கேட்டு எடுத்தாறேன். நீங்க எத்தினி பேரு?"

"நாற்பத்திரண்டு பேர் அம்மா!" என்று நான் பெருமிதத்தோடு சொன்னேன்.

"அத்தினி பேரு வோணாங்க. பன்னண்டு பேரு போதும். மீதிப் பேரு நெழல்ல ஒக்காருங்க."

ஐயா, அம்மா, அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். சல்லடைக்கு மூவராகப் பன்னிருவர் அமர்ந்தனர். ஒருவர் அள்ள, ஒருவர் சலிக்க, ஒருவர் விரலால் தடவிப் பார்க்க. தடவுவது எப்படி என்று அம்மாள் ஒவ்வொருவருக்கும் காட்டிக் கொடுத்தார். தலைவர் கையில் ஒரு சல்லடை இருந்தது. ஏதோ அலுவலகச் செய்தியைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லத் தொடங்கினார்.

"சார், பேசிகினே சலிச்சா ஆணி எப்படிங்க ஆப்புடும்?"

தலைவர் வாயை மூடிக்கொண்டார். அப்படி ஒரு நிகழ்வை எங்கள் கூட்டக் குறிப்பேடு இதுவரை பதிவு செய்ததில்லை.

கடினமான வேலை யாருக்கு வாய்த்தது தெரியுமா? நிழலில் இருந்த முப்பது பேருக்கு! ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. ஒவ்வொருவராக நழுவி வந்து சல்லடை மீது குனிந்தார்கள். "ஒருத்தரு சலிக்கையில நாலு பேரு எட்டிப் பாத்தா வெளிச்சம் மறைக்குதுங்க. போங்க, போயி ஒக்காருங்க" என்று அம்மாள் விரட்டினார். பாண்டியன் மூன்று முறை விரட்டப்பட்டார். நான்காம் முறை, "ஏக்கா, பாறையை உடைச்ச கைக்கா இது!" என்று கையை நீட்டிக் காட்டினார்.

"அதான் வோணாங்கறேன்" என்றார் அம்மாள். "இது பாறை இல்ல."

அவரே அதற்குச் சிரித்தும்விட்டார். அதுவரை அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்தது. ஒரு சிறு வாளி நிறைய ஆணி, கம்பி, சில்லு. அஞ்சலை அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினார். குதிகாலை அழுத்தி அழுத்தி, நான்கு மூலைக்கும் நடந்தார். வெளியே வந்து புடைவையைத் தட்டிக்கொண்டார்.

"தாண்டு."

செல்வராணி ஓடுபாதையின் கோடிக்குப் போனாள். முப்பது பேரும் நிழலைவிட்டு எழுந்துவிட்டார்கள். இம்முறை யாரும் விரட்டவில்லை. அவள் ஓடி வந்தாள்... பலகையில் கால் பதிந்த சத்தம் கேட்டது... அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த கணம் மணலில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் மணல், முகமெல்லாம் சிரிப்பு.

நாங்கள் எல்லாரும் அவள் தாண்டிய தூரத்தைப் பார்த்தோம். டேப் எடுக்க இருவர் ஓடினார்கள். அவள் தாய் மட்டும் நேராகப் போய் மண்டியிட்டு, அவள் கணுக்காலைப் பிடித்து அமுக்கினார்.

"வலிக்குதா?"

"இல்லம்மா."

"மெய்யா சொல்லு."

"மெய்யாவே இல்லம்மா."

"அப்ப இன்னொரு வாட்டி தாண்டு. நான் சரியா பாக்கல."

ஆறு முறை தாண்டவிட்டுத்தான் படிவத்தை வாங்கினார். எழுத மேசை இல்லை. என் வருகைப் பதிவேட்டை நீட்டினேன். அதன்மேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, 'அஞ்சலை' என்று எழுதினார்.

போட்டிக்கு எங்கள் சங்கத்திலிருந்து ஐந்து பேர் மட்டுமே சென்றோம். மற்ற முப்பத்தேழு பேரும் வீட்டில் இருந்தபடியே சேவை செய்தார்கள். செல்வராணி இரண்டாம் இடம் பெற்று மாவட்டப் போட்டிக்குத் தேர்வானாள். எவ்வளவு தூரம் தாண்டினாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. அது அவள் சம்பாதித்தது. கேட்பவர்களுக்கு அவளே சொல்லட்டும். இப்போது வாரம் மூன்று நாள் அவளோடு எட்டுப் பெண்கள் அந்த மணலில் தாண்டுகிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு அஞ்சலை அம்மாள் வந்து கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் வரும் நாளில் எங்களில் எவரும் சிரித்துப் பேசுவதில்லை.

எங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. அதில் இது பற்றி இருப்பது ஒரே வரி: 'மாணவியர் பயன்பாட்டுக்காக நீளம் தாண்டும் மணற்குழி அமைக்கப்பட்டது.' ஆழம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாளி நிறைய ஆணி பற்றியும் இல்லை. அஞ்சலை அம்மாள் பெயரும் இல்லை.

ஆகவே, ஐயா, அம்மா, இந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து, தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.